மருந்துவாழ் மலையும் சிறுநீரக நோயும்

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகல் நமது காரியாலயத்திற்குப் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேலிராது. முகம் ஊதியிருந்தது, கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. வாரம் இரு முறை நாகர்கோவிலுக்கு வந்து, டயாலிஸிஸ் என்னும் ரத்த சுத்தி செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர் அவர். மடியிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நம்முன் விரித்தார். 'மூலிகைப் புரதம்' என்னும் ஒரு பொடியைப் பற்றிய விளம்பரம் அது. பழுதுபட்ட சிறுநீரகம் நாற்பதே நாட்களில் புதிதாகிவிடும் என்றும், அதன்பின் ஆஸ்பத்திரியை நாட வேண்டியதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. "ஐயா, நீங்க படிச்சவங்க. இது உள்ளதுதானா? உள்ளதுன்னா நான் ஆசுபத்திரிக்குப் போறத நிறுத்தீரட்டுமா?" என்று கேட்டார்.

அத்துண்டின் தலைப்பில் பத்திரிகையின் பெயர் அச்சாகியிருந்தது. அது நம் பத்திரிகையின் பெயர்தான். விளம்பரத்தை வாங்கிப் போட்டவர்கள் நாம். அதற்குப் பணம் பெற்றவர்களும் நாம். பிழை நம்முடையது என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அன்று அந்த அன்பருக்கு நாம் கூறிய பதில் 'நிறுத்தாதீர்கள்' என்னும் ஒரே சொல். அவ்வொரு சொல்லோடு நம் கடன் தீர்ந்ததாக நாம் எண்ணவில்லை. அவர் கேட்டதைப் போல் கேட்பவர் நாஞ்சில் நாட்டில் இன்று பலர். செடிகொடிகளிலிருந்து எடுக்கும் புரதத் துணுக்குகள் சிறுநீரக நோயைத் தீர்க்க வல்லனவா? வல்லனவெனில் அதை நிரூபிக்க வேண்டியவர் யார்? நிரூபணமானால் அதன் பலன் யாரைச் சேர வேண்டும்? இம்மூன்றையும் பற்றி நாம் படித்தும் விசாரித்தும் அறிந்ததை நேயர்கள் முன் வைக்கிறோம்.

மலையும் மடையும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில், பொற்றையடிக்கு அருகில் மருந்துவாழ் மலை நிற்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது சிந்திய துண்டே இது என்பது ஐதிகம். ஐதிகத்தை வழக்காடு மன்றத்தில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது நம் நோக்கமன்று. இம்மண்ணில் மருந்து விளைகிறது என்னும் நம்பிக்கை இங்குள்ள மக்களின் ரத்தத்தோடு கலந்தது என்பதை அது காட்டுகிறது. வடக்கே அகத்தியமலைத் தொடர். ஊர்தோறும் வர்ம ஆசான்களின் மரபு. கோட்டாற்றில் அரசினர் ஆயுர்வேதக் கல்லூரி. நீரடைப்புக்கு நெருஞ்சில், கல்லடைப்புக்குச் சிறுபீளை, வீக்கத்திற்கு மூக்கிரட்டையும் நீர்முள்ளியும் என்று நம் பாட்டிமார் யாரிடமும் கேளாமல் சொல்லுவர். கொள்ளை நாம் காணம் என்போம். காணம் வேகவைத்த நீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பதும் ஊர் வழக்கு. இத்தகைய நாட்டில் 'மூலிகைப் புரதம்' என்று ஒருவன் விளம்பரம் செய்தால் அது செவியில் ஏறாமல் என்ன செய்யும்?

நோயின் இயல்பை முதலில் அறிய வேண்டும். சிறுநீரகம் கைமுஷ்டி அளவுள்ள உறுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வடித்ததில் ஒன்றிரண்டு லிட்டரைக் கழிவோடு வெளியேற்றி, மற்றதையெல்லாம் உடலுக்கே திருப்பித் தருகின்றன. மடையும் மறுகாலும் அறிந்த நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குளத்தில் மடைகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோனாலும், எஞ்சிய மடைகள் கூடுதலாகப் பாய்ந்து சில காலம் வயலைக் காக்கும். கடைசியில் சில மடைகளே மிஞ்சும்போதுதான் பயிர் வாடும். சிறுநீரகமும் அவ்வாறே. வடிகட்டிகளில் பெரும்பகுதி அழிந்த பிறகே பலருக்கு நோய் தெரிய வருகிறது. அழிந்த வடிகட்டி மீண்டும் முளைப்பதில்லை. நாற்பது நாட்களில் புதிதாக்குவோம் என்பவரின் பேச்சு இவ்வொரு உண்மையின் முன்னேயே நில்லாது.

இந்நோய்க்கு முதற்காரணங்கள் நீரிழிவும் ரத்த அழுத்தமும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணக்கின்படி, நம் தேசத்தில் நீரிழிவுடையோர் தொகை 10 கோடிக்கு மேல். இவ்விரண்டும் இல்லாத உழைப்பாளிகளையும் நோய் விடவில்லை. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் காரணம் முற்றும் புலப்படாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாரிக்கொண்டு போகிறது. கடும் வெயிலில் போதிய நீரின்றி உழைப்பதும் ஒரு காரணமோ என்று ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டின் உப்பளங்களிலும் வயல்களிலும் சோதித்து வருகின்றனர். நம் ஜில்லாவில் புத்தளத்திலும் சாமித்தோப்பிலும் உப்பளங்கள் உண்டு. ஆகவே இது ஊரான் வீட்டு விஷயமன்று.

பாம்பின் விஷத்தில் பிறந்த மருந்து

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. இருபது வகை மணிகள், எண்ணற்ற மாலைகள். மாலை நீண்டிருந்தால் புரதம். சிறிய துண்டாயிருந்தால் பெப்டைடு. நீரிழிவுக்காரர் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இன்சுலின் 51 மணிகள் கொண்டது. ஆதலால் இத்துணுக்குகள் மருந்தாகும் என்பதில் ஐயமே இல்லை. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளில் தலையாய ஒரு வகையும் இத்தகைய துணுக்கிலிருந்தே பிறந்தது. அதன் வரலாறு அறியத்தக்கது.

பிரேசில் நாட்டில் ஜராராகா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தவரின் ரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்துவிடும். அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரைரா 1965-ல் அவ்விஷத்திலுள்ள பெப்டைடுகளின் செய்கையை வெளியிட்டார். ரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் ஒரு பொருளை உடல் உண்டாக்குவதற்கு ஒரு என்சைம் துணை செய்கிறது. அந்த என்சைமைத் தடுக்கும் சக்தி அப்பெப்டைடுகளுக்கு இருந்தது. ஆனால் அவற்றை வாய்வழி உண்டால் பலனில்லை. வயிறு அவற்றைச் சோற்றைப்போல் சீரணித்துவிடும். அமெரிக்காவில் ஸ்குவிப் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் பெப்டைடின் நுனியை மட்டும் பார்த்து, அதே வேலையைச் செய்யும் சிறியதொரு பொருளை உருவாக்கினர். கேப்டோபிரில் என்னும் அம்மாத்திரை 1981-ல் விற்பனைக்கு வந்தது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டுவந்த 409 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 1993-ல் வெளியாயிற்று. மரணம், டயாலிஸிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஒன்றை அடையும் அபாயம், அம்மருந்தை உண்டவர்களுக்குப் பாதியாகக் குறைந்தது. நம் அரசினர் ஆஸ்பத்திரிகளில் தரப்படும் எனலாப்ரில் மாத்திரை இவ்வகுப்பைச் சேர்ந்ததே.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள. ஆற்றல் மிக்க துணுக்கு இயற்கையில் இருப்பது ஒன்று. அது மருந்தாவது வேறொன்று. இடையில் பல்லாண்டு உழைப்பும், நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் நடத்திய நேர்மையான பரிசோதனையும் வேண்டியிருந்தன. இது முதற்பாடம். பாம்பு பிரேசிலுடையது, கண்டறிந்தவர் பிரேசிலியர். காப்புரிமையோ அமெரிக்கக் கம்பெனியினுடையதாயிற்று. இது இரண்டாம் பாடம். இரண்டையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

பட்டாணியும் காணமும்

இனி, செடிகளுக்கு வருவோம். பாம்பின் விஷத்தில் கண்ட அதே தடுக்கும் சக்தி, பயறு வகைகளின் புரதத்தை என்சைம்களால் துண்டாடும்போது கிடைக்கும் பெப்டைடுகள் சிலவற்றிலும் உண்டு. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ரோடிமி அலுகோ என்னும் பேராசிரியர் மஞ்சள் பட்டாணியை எடுத்துக்கொண்டார். கட்டிகளால் சிறுநீரகம் கெட்ட எலிகளுக்கு அப்பெப்டைடுகளை எட்டு வாரம் ஊட்டியதில், சாதாரண உணவுண்ட நோயுற்ற எலிகளைவிட அவற்றின் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதம் குறைந்தது என்று 2009-ல் தெரிவித்தார். பின்னர் மனிதரிடமும் சோதனை நடந்தது. அதில் பங்குகொண்டோர் ஏழே பேர். அவர்களிடம் கண்டது ரத்த அழுத்தத்தில் சிறிதளவு தணிவு. சிறுநீரக நோய் தீர்ந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. ஏழு சாட்சிகளைக் கொண்டு ஒரு சிறு நிலவழக்கைக்கூட நாம் எளிதில் வென்றதில்லை.

நம் காணத்தையும் நம்மவர் கைவிடவில்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் காணத்திலிருந்து பௌமன்-பர்க் வகையைச் சேர்ந்த சிறு புரதங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பை மணிமணியாக ஆராய்ந்துள்ளனர். சீரண என்சைம்களையே எதிர்த்து நிற்கும் உறுதி வாய்ந்தவை அவை. ஆயினும் அவை மனிதச் சிறுநீரகத்தைக் காக்கும் என்பது நிரூபணமானதன்று.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று தேவை. பட்டாணியில் நற்குணமுள்ள பெப்டைடு உண்டு என்பதால் சிறுநீரக நோயாளி பட்டாணிச் சுண்டலை அள்ளி உண்பது தவறு. நோய் முற்றியவருக்குப் புரதத்தின் அளவை வைத்தியர் கணக்கிட்டே தருவார். நாம் அமிர்தமென்று கொண்டாடும் இளநீரும், ஏத்தன் பழமும் பொட்டாசியம் மிக்கவை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அவை இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆரோக்கியமானவனின் அமிர்தம் நோயாளிக்கு நஞ்சாவதுண்டு.

அவிழாத முடிச்சு

வாய்வழி உண்ட பெப்டைடை வயிறு சீரணித்துவிடும் என்றோமே, அதற்குச் செடிகளே ஒரு விடை கண்டு வைத்திருக்கின்றன. காங்கோ நாட்டுப் பெண்கள் பிரசவத்தை விரைவுபடுத்த ஒரு செடியைக் கொதிக்கவைத்து அந்நீரை அருந்துவது வழக்கம். 1960-களில் அங்கே பணிபுரிந்த நார்வே வைத்தியர் லாரன்ட்ஸ் கிரான் இதைக் கவனித்தார். கொதிநீரிலும் வயிற்றிலும் அழியாத அப்பொருள் ஒரு பெப்டைடு என்று கண்டார். அதன் முழு அமைப்பு 1995-ல் தெளிவாயிற்று. மாலையின் இரு நுனிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாயிருந்தன. வளையத்தின் நடுவில் மூன்று கந்தகப் பாலங்கள் முடிச்சிட்டிருந்தன. நுனியே இல்லாத மாலையை என்சைம் எங்கிருந்து கடிக்கும்? இவ்வகைக்குச் சைக்ளோடைடு என்று பெயரிட்டனர்.

இத்தகைய முடிச்சுகள் நம் வேலியோரத்துச் சங்குப்பூவில் இருப்பது 2011-ல் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் தெரிவிக்கப்பட்டது. நம் சித்த வைத்தியர்கள் கையாளும் ஓரிதழ்த்தாமரையிலும் இவை இருப்பதை ஆஸ்திரேலியர் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இவ்வாராய்ச்சி உண்டு. அங்குள்ளோர் யுனானி மருந்தான பனஃப்ஷா என்னும் செடியின் சைக்ளோடைடுகளை ஆராய்ந்துள்ளனர். இதுவரை இவற்றில் எதுவும் சிறுநீரக மருந்தாக நிரூபிக்கப்படவில்லை. சில சைக்ளோடைடுகள் உயிரணுக்களை அழிக்கவும் வல்லன. எனினும், மருந்துத் துணுக்கை வயிற்றில் அழியாமல் காக்கும் வழி செடியில் உண்டு என்பது மிகப்பெரிய செய்தி. சங்குப்பூ நம்முடையது, ஓரிதழ்த்தாமரை நம்முடையது, அவற்றின் முடிச்சை எண்ணிச் சொன்னவரோ பெரும்பாலும் கடல் கடந்தவர். இதைச் சொல்லும்போது நமக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை, அவர்கள் உழைத்தார்கள். நாம் பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

மூலிகையின் மறுபக்கம்

பெருமை பேசுவோர் மறைக்கும் பக்கமும் ஒன்றுண்டு. இலையும் வேரும் ஒருநாளும் கெடுதி செய்யா என்பது தவறான எண்ணம். கேரளத்திலும் நம் ஜில்லாவிலும் வீட்டுக்கொல்லைகளில் காய்க்கும் இரும்பன் புளி எனப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று நம்பிப் பலர் குடித்தனர். அச்சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் நின்றுபோன பத்துப் பேரைப் பற்றிக் கேரள வைத்தியர்கள் 2013-ல் எழுதினர். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிஸிஸ் தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்ஸலேட் உப்பு சிறுநீரகத்தில் படிகமாக உறைந்ததே காரணம்.

இதனினும் கொடியது வேறொன்று. பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனதை 1993-ல் அந்நாட்டு வைத்தியர்கள் வெளியிட்டனர். அரிஸ்டோலோக்கியா என்னும் செடியினத்திலுள்ள அமிலமே அதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அது புற்றுநோயையும் விளைப்பது. அவ்வினச் செடிகளை நம்மவர் அறியாதவரல்லர். ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அவ்வினத்தனவே. பெயர் தெரியாத ஒரு பொடியில் இவை கலந்திருந்தால் உண்பவன் எப்படி அறிவான்? சிறுநீரகம் காக்க உண்ட பொடியே சிறுநீரகத்தைத் தின்றுவிடும். நம் காரியாலயத்திற்கு வந்த அன்பரின் பொடியில் என்ன இருந்தது என்று அதன் உறையில் எழுதப்படவில்லை.

தேசபக்தரின் வழி

அப்படியாயின் நாட்டு மருந்தையே கைவிடுவதா என்று சிலர் சீறுவர். நாம் அதைச் சொல்லவில்லை. இதற்கு வழிகாட்டிச் சென்ற தேசபக்தர் ஒருவரை நினைவூட்டுகிறோம். 1921-ல் ஆமதாபாத் காங்கிரசுக்குத் தலைமை வகித்த ஹக்கீம் அஜ்மல்கான் யுனானி வைத்தியத்தில் பேரறிஞர். தம் மரபின்மேல் அவருக்கிருந்த பற்று பெரிது. அதனாலேயே அதை ஆராய்ச்சிசாலைக்கு அனுப்ப அவர் அஞ்சவில்லை. அவர் டில்லியில் வளர்த்த திப்பியாக் கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் ரசாயன விஞ்ஞானி சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்து, 1931-ல் தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு அஜ்மலின் என்று அவர் பெயரையே சூட்டினார். பம்பாய் வைத்தியர் ரஸ்தம் வக்கீல் ரத்த அழுத்த நோயாளிகளிடம் அவ்வேரைப் பரிசோதித்து 1949-ல் பிரிட்டிஷ் சஞ்சிகையில் எழுதினார்; உலகம் செவிசாய்த்தது. 1952-ல் சுவிஸ் கம்பெனியொன்றின் நிபுணர்கள் அதிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தனர்.

ரெசர்பின் பெப்டைடு அன்று; வேறு வகை. ஆனால் அது சிறுநீரகத்தைக் காக்க வந்த கதை தமிழ்நாட்டிலேயே நடந்தது. சென்னைச் சிறுநீரக நிபுணர் டாக்டர் எம். கே. மணி, 1990-களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களையே பயிற்றி, வீடுவீடாகச் சென்று சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் சோதிக்கச் செய்தார். நோய் கண்டவருக்கு ரெசர்பின் உள்ளிட்ட மிக மலிவான மாத்திரைகளைக் கொடுத்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கினார். இந்தியக் காட்டில் விளைந்த ஒரு வேர், பரிசோதனை என்னும் நெருப்பைக் கடந்துவந்து, இந்தியக் கிராமத்து ஏழையின் சிறுநீரகத்தைக் காத்தது. சுதேசியம் என்றால் இதுவன்றோ சுதேசியம்!

காணியரின் பங்கு

மூன்றாம் கேள்விக்கு வருவோம். பலன் யாருக்கு? இதற்குப் பதில் தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை, அகத்தியமலையே போதும். 1987-ல் அம்மலையில் ஆராய்ச்சியாளர் சிலர் காணி இனத்தாரை வழிகாட்டிகளாகக் கொண்டு ஏறினர். அவர்கள் களைத்துத் தள்ளாட, வழிகாட்டிகளோ ஒரு சிறு செடியின் காயை மென்றபடி சலியாமல் நடந்தனர். அச்செடி ஆரோக்கியப்பச்சை. காணியர் முதலில் தயங்கி, பின் ரகசியத்தைச் சொன்னார்கள். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தைச் செய்து, 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தனர். அத்தொகையிலும் பின்வரும் உரிமைத்தொகையிலும் பாதி காணியருக்கென்று முடிவாயிற்று. 1997-ல் கேரளக் காணியர் நல அறக்கட்டளை பதிவாயிற்று. மரபறிவைத் தந்தவருக்குப் பங்கு கொடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று என்று உலகமே இதைப் பாராட்டியது.

ஆயினும் குறை இல்லாமலில்லை. செடியைப் பயிரிட்டு விற்பதில் காணியருக்கும் வனத்துறைக்கும் பிணக்கு எழுந்தது. அறக்கட்டளையின் பெயர் கேரளக் காணியருடையது. எல்லைக் கோட்டுக்கு இப்பால் பேச்சிப்பாறை மலைகளில் வாழும் காணியரும் அதே இனத்தார், அதே காட்டின் அறிவை உடையவர். 1956 நவம்பர் 1-ல் நாம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தபோது வரைந்த கோடு செடிக்கும் தெரியாது, செடியின் குணத்துக்கும் தெரியாது. உரிமைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

சட்டமும் முற்றிலும் துணை நிற்கவில்லை. 2002-ஆம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டம், மூலிகையையும் அதன் அறிவையும் வைத்து லாபம் ஈட்டுவோர் அதைக் காத்தவருடன் பங்கிட வேண்டும் என்று விதித்தது. 2023-ல் வந்த திருத்தமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு அக்கடமையிலிருந்து விலக்களித்தது. வக்கீல் என்ற முறையில் நமக்கு எழும் ஐயம் இது: காணிக் கிழவரின் வாய்மொழி அறிவை ஒருவர் நூலில் ஏற்றிவிட்டால், அதுவும் தொகுக்கப்பட்ட அறிவு என்று வாதாட இடமாகாதோ? நாளை ஓரிதழ்த்தாமரையின் ஒரு முடிச்சு கோடிக்கணக்கில் விலைபோகும் மருந்தானால், அதைத் தலைமுறைகளாகப் பேணியவர் வாயிலில் நின்று பார்ப்பதோடு சரியா? பிரேசிலின் பாம்புக் கதை இங்கே மீண்டும் நடக்கக்கூடாது.

செய்ய வேண்டுவன

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியும், ஆசாரிபள்ளம் அரசினர் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஜில்லாவில், ஒரே சர்க்காரின் கீழ், சில மைல் தூரத்தில் உள்ளன. இரண்டும் கைகோத்து, சிறுபீளை முதல் காணம் வரை சிறுநீரகத்துக்கென நம் நாட்டார் உண்ணும் பொருள்களை முறைப்படி பரிசோதிக்க வேண்டும். பலனிருந்தால் உலகுக்கு உரைக்கட்டும். கெடுதியிருந்தால் ஊருக்கு உரைக்கட்டும். இரண்டும் தேசசேவையே. அதற்குச் சர்க்கார் பொருளுதவி செய்ய வேண்டும். இரண்டாவது, காணியர் முதலிய மலைமக்களின் அறிவைக் கேட்கும் முன் அவர்களுடைய சம்மதத்தையும் பங்கையும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இரு ராஜ்யங்களின் காணியரும் அதில் சமமாக இடம்பெற வேண்டும். மூன்றாவது, சட்டம் ஏட்டில் உறங்கலாகாது. 1954-ஆம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் பிரைட் நோய் என்றொரு பெயருண்டு. 1827-ல் இந்நோயை விவரித்த ஆங்கில வைத்தியர் ரிச்சர்ட் பிரைட்டின் பெயரால் சிறுநீரக நோய்க்கு வழங்கிய பழைய பெயர் அது. நீரிழிவும் சிறுநீரகக் கல்லும் அவ்வட்டவணையில் உள்ளன. இவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். விற்பவனுக்கு மட்டுமன்று, அதை வெளியிடுவதில் பங்கு கொள்ளும் எவருக்கும் அது குற்றம். இதை நாம் அறிந்திருக்க வேண்டியவர்கள், அறிந்திருந்தும் கவனியாதிருந்தோம்.

நோயுற்றோருக்கும், நோய் வரக்கூடியோருக்கும் ஒரு வார்த்தை. நீரிழிவோ ரத்த அழுத்தமோ உடையவர் வருஷத்துக்கு ஒரு முறையேனும் சிறுநீரில் புரதம் கழிகிறதா என்றும், ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் விழுங்கலாகாது. உப்பளத்திலும் வயலிலும் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும் தருவது முதலாளியின் தர்மமன்று, கடமை. நிரூபணமான மருந்துகள் இன்று இல்லாமலில்லை. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் 1835-ல் கண்ட ஒரு கசப்புப் பொருளின் வழிவந்த டபாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரை, சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்தும் என்பது 4,304 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையால் 2020-ல் தெளிவாயிற்று. அதே ஆண்டில் இந்தியாவில் நம் கம்பெனிகளே அதை மலிவாகச் செய்யத் தொடங்கின. யாருக்கு எது ஏற்றது என்பதை வைத்தியரே கூற வேண்டும். நாட்டு மருந்து உண்பவரும் அதை ஆஸ்பத்திரி வைத்தியரிடம் மறைக்கலாகாது.

மருந்துவாழ் மலையில் மருந்து வாழ்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அதை மலையிலிருந்து நோயாளியின் கைக்குக் கொண்டுவரும் பாதை நீண்டது. அதில் குறுக்கு வழி இல்லை. அப்பாதையில் நம்மவர் நடக்க வேண்டும் என்பதே நம் ஆசை. அதுவரை, சிறுநீரக நோயைத் தீர்ப்பதாகக் கூறும் எந்த விளம்பரமும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும், இனி நம் பத்திரிகையில் வெளிவராது. பழைய விளம்பரத்துக்காக வாங்கிய தொகையை, அந்தப் பூதப்பாண்டி அன்பரின் கிராமத்தில் சிறுநீர்ப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தும் செலவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அவர் வாரம் இரு முறை இன்னும் நாகர்கோவிலுக்கு வந்து போகிறார். சென்ற செவ்வாயன்று நம் காரியாலயத்திலும் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.